முறையா, முறையில்லையா?

(வானொலியில் ஒலிபரப்பான ஞாயிறு மறையுரையின் எழுத்து வடிவம். ஆண்டின் பொதுக்காலம் 29ஆம் ஞாயிறு, முதலாம் ஆண்டு. வாசகங்கள்: எசாயா 45:1,4-6, 1 தெசலோனிக்கர் 1:1-5, மத்தேயு 22:15-21)



சீசருக்கு வரி செலுத்துவது முறையா, இல்லையா என்று இன்று இயேசுவிடம் கேட்கிறார்கள். கேட்டவர்கள் யார் என்று பாருங்கள். பரிசேயரின் சீடர்கள் ஒரு பக்கம், ஏரோதியர் மறுபக்கம். மற்ற நாள்களில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காதவர்கள். உரோமைக்குத் தலைவரி கட்டுவதைப் பரிசேயர் மனதார வெறுத்தார்கள். ஏரோதின் ஆட்களுக்கோ உரோமையின் தயவில்தான் பிழைப்பு. 'கட்டு' என்று இயேசு சொன்னால் மக்கள் அவரை விட்டுப் போவார்கள். 'கட்டாதே' என்றால் ஆளுநரிடம் பிடித்துக் கொடுக்கலாம். கி.பி. 6-இல் இந்த வரிக்காக மக்கள்தொகைக் கணக்கு எடுத்தபோது கலிலேயனாகிய யூதா கிளர்ச்சி செய்து மாண்டதைத் திருத்தூதர் பணிகள் நூல் குறிப்பிடுகிறது. ஆகவே இது உயிர்போகும் கேள்வி.

இதே 'முறையா' என்ற சொல்லை மூன்று அதிகாரங்களுக்கு முன்னும் மத்தேயு எழுதியிருக்கிறார். 19ஆம் அதிகாரத்தில் பரிசேயர் வந்து, எந்தக் காரணத்துக்காகவும் மனைவியை விலக்கிவிடுவது முறையா என்று கேட்கிறார்கள். மூலமொழியான கிரேக்கத்திலும் இரண்டு இடத்திலும் ஒரே சொல்தான். சட்டம் இதற்கு இடம் தருகிறதா, இல்லையா என்பது அதன் பொருள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சகோதரி பங்கு அலுவலகத்துக்கு வந்தார். அவர் சொன்னதை இங்கே சொல்ல அனுமதி தந்திருக்கிறார். இது ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதல்ல. ஊரும் பேரும் வேண்டாம். கணவருக்கு நல்ல வேலை. இரவானால் கைப்பேசியில் பணம் வைத்து ரம்மி. முதலில் சம்பளம் போனது. பிறகு கடன் செயலிகள். பிறகு, இவருக்குத் தெரியாமலே, பீரோவில் இருந்த நகைகள் அடகுக் கடைக்குப் போயின. கேட்டால் கணவர் சொல்லும் பதில் இதுதான்: "நான் என்ன திருட்டா பண்றேன்? ஜெயிச்ச காசுக்கு வரி பிடிச்சுத்தான் குடுக்குறான். கவர்மெண்டே வரி வாங்குது, அப்புறம் என்ன தப்பு?"

அந்தச் சகோதரி என்னிடம் கேட்டது வேறு. "ஃபாதர், நான் வக்கீலப் பாக்கலாமா? கோர்ட்டுக்குப் போனா இனிமே நன்மை வாங்க முடியாதுன்னு எங்க சித்தி சொன்னாங்க. அதனால ரெண்டு வருஷமா நன்மை வாங்கல." வழக்கே போடவில்லை. போடலாமா என்று நினைத்ததற்கே இரண்டு ஆண்டுகள் தன்னைத் தானே நற்கருணையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறார்!

ஒரே வீட்டில் மணமுறிவு, வரி, சூதாட்டம் என்று மூன்றும் 'முறையா?' என்று நின்றன. கணவர் அந்தக் கேள்வியைத் தப்பிப்பதற்குப் பயன்படுத்தினார். மனைவி அதே கேள்விக்குள் சிக்கிக் கிடந்தார். இன்று இதைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகவே பேச வேண்டும் என்று நினைக்கிறேன். மறையுரை சட்ட வகுப்பு மாதிரி இருக்கிறதே என்று சிலர் நினைக்கக்கூடும். பொறுத்துக்கொள்ளுங்கள், தெரியாமல் தவிப்பவர்கள் நம் அன்பியங்களில் அதிகம்.

முதலில் மணமுறிவு. இயேசுவின் காலத்தில் யூத ராபிகளிடையே இரண்டு பள்ளிகள் இருந்தன. சம்மாய் என்பவரின் பள்ளி, ஒழுக்கக்கேட்டைத் தவிர வேறு காரணம் கூடாது என்றது. இல்லேல் என்பவரின் பள்ளியோ, சமையலைக் கெடுத்துவிட்டால்கூட மனைவியை அனுப்பலாம் என்றது. இந்த இரண்டில் எந்தப் பக்கம் நிற்கிறாய் என்பதுதான் பரிசேயரின் கேள்வி. விலக்குவது யார்? கணவன். தெருவில் நிற்பது யார்? மனைவி. இயேசு இரண்டு பள்ளிகளிலும் சேரவில்லை. மோசே மணவிலக்குச் சான்றிதழுக்கு இடம் தந்தது உங்கள் கடின உள்ளத்தின் பொருட்டே என்று சொல்லி, படைப்பின் தொடக்கத்துக்குப் போகிறார். அவர் சொன்ன கண்டிப்பு, அந்தக் காலத்தில் முதலில் காப்பாற்றியது பெண்ணைத்தான். இதை மறந்துவிட்டு, அடிபட்டு நிற்கும் ஒரு பெண்ணின் மேல் அதே வார்த்தையைக் கல்லாக எறிகிறோம் என்றால், நாம் நற்செய்தியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வாசிக்கிறோம்.

திருஅவை என்ன சொல்கிறது? முறைப்படி நடந்து நிறைவுபெற்ற திருமுழுக்குப் பெற்ற இருவரின் திருமணத்தைச் சாவைத் தவிர எந்த மனித அதிகாரமும் முறிக்க முடியாது என்கிறது திருஅவைச் சட்டம் 1141. இது எல்லாருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது சட்டம் 1153. துணைவரில் ஒருவர் மற்றவருக்கோ பிள்ளைகளுக்கோ உடலிலும் மனதிலும் பெரிய ஆபத்தை உண்டாக்கினால், அல்லது சேர்ந்து வாழ்வதைத் தாங்க முடியாததாக்கினால், மற்றவர் பிரிந்து வாழலாம். ஆயரின் அனுமதி பெற வேண்டும். தாமதித்தால் ஆபத்து என்றால் அனுமதிக்குக் காத்திராமலும் பிரியலாம். கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி 2383ஆம் எண்ணில் இன்னொன்றும் இருக்கிறது. சட்டப்படியான உரிமைகளையோ, பிள்ளைகளின் பராமரிப்பையோ, சொத்தையோ காப்பாற்ற நீதிமன்ற மணமுறிவைத் தவிர வேறு வழியில்லை என்றால், அதைப் பொறுத்துக்கொள்ளலாம், அது பாவமாகாது.

ஆகவே, பிரிந்து வாழ்கிறவர், நீதிமன்றத்தில் மணமுறிவு பெற்றவர், வேறு திருமணம் செய்துகொள்ளாதவரை நற்கருணை வாங்க அந்த மணமுறிவு தடையல்ல. சித்தி சொன்னது தவறு. வேறு திருமணம் செய்துகொண்டவர்களின் நிலை வேறு; அவர்களும் கதவு சாத்தப்பட்டதாக நினைக்காமல் பங்குத்தந்தையிடம் வந்து பேச வேண்டும். திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் எழுதிய திருத்தூது ஊக்கவுரையில், அவர்களோடு உடன் நடக்கும்படி அருள்பணியாளர்களாகிய எங்களிடம்தான் கேட்டுக்கொண்டார்.

இனி மிகவும் குழப்பம் தருகிற இடத்துக்கு வருகிறேன். மறைமாவட்டத் தீர்ப்பாயம் ஒரு திருமணம் 'செல்லாது' என்று அறிவிக்கிறது. இது மணமுறிவு அல்ல. திருமண நாளிலேயே சம்மதத்தில் அடிப்படைக் குறை இருந்தது, ஆகவே அது தொடக்கத்திலேயே திருமணமாக உருவாகவில்லை என்று கண்டறிந்து சொல்வது. பின்னாளில் கணவருக்குச் சூதாட்டம் பிடித்துவிட்டது என்பது மட்டும் அதற்குக் காரணமாகாது. சம்மதம் சொன்ன அன்றே பொறுப்பை ஏற்கும் மனநிலை இருந்ததா, பெரிய ஒன்றை மறைத்து ஏமாற்றினார்களா என்றுதான் தீர்ப்பாயம் பார்க்கும். செல்லாது என்று வந்தால் பிள்ளைகள் முறைதவறிப் பிறந்தவர்கள் ஆகிவிடுவார்களோ என்று பல தாய்மார்கள் அழுகிறார்கள். இல்லை. திருஅவைச் சட்டம் 1137 அந்தப் பிள்ளைகள் முறையான பிள்ளைகளே என்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் இந்த நடைமுறையை எளிதாக்கினார். முன்பு இரண்டு தீர்ப்பாயங்கள் ஒரே முடிவைச் சொல்ல வேண்டும். இப்போது ஒரு தீர்ப்பு போதும். கூடியவரை கட்டணமின்றி நடக்க வேண்டும் என்பதும் அவர் விருப்பம்.

ஆனால் கவனியுங்கள். தீர்ப்பாயத்தின் தாளை எடுத்துக்கொண்டு போய் நாட்டுச் சட்டத்தின் முன் நின்றால் செல்லாது. நம் நாட்டில் கிறிஸ்தவர்களுக்கு 1869ஆம் ஆண்டின் மணமுறிவுச் சட்டம் இருக்கிறது. அதன்படி நீதிமன்றம் மட்டுமே திருமணத்தை முறிக்கவோ செல்லாது என்று அறிவிக்கவோ முடியும். 1996-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. பிறகு தென் கன்னடத்துக் கத்தோலிக்கர் சங்கத்தின் முன்னாள் தலைவர் ஒருவர், திருஅவைத் தீர்ப்பாயத்தின் முடிவையும் அரசு ஏற்க வேண்டும் என்று வழக்குத் தொடர்ந்தார். 2017 சனவரியில் அதுவும் தள்ளுபடியானது. திருஅவைத் தீர்ப்பை மட்டும் வைத்துக்கொண்டு மறுமணம் செய்தால் இருதார மணக் குற்றமாகிவிடும். பாரதிய நியாய சன்ஹிதா 82ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டுவரை சிறை. மறுபக்கமும் இதே கதைதான். நீதிமன்றத் தீர்ப்பு மட்டும் கையில் இருந்தால் ஆலயத்தில் மறுமணம் நடக்காது. இரண்டும் வேண்டும். 'கோயில்ல எல்லாம் முடிஞ்சிருச்சு' என்று நம்பிப் பெண் கொடுத்துவிட்டுப் பின்னால் நீதிமன்றப் படி ஏறுகிற குடும்பங்களைப் பார்த்துவிட்டேன்.

அந்த 1869 சட்டம் நெடுங்காலம் அநீதியாகவே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மனைவியின் பிறன்மனைச் சேர்க்கையை மட்டும் காட்டினால் கணவனுக்கு மணமுறிவு கிடைத்தது. மனைவியோ அதோடு கொடுமை முதலான இன்னொரு குற்றத்தையும் சேர்த்து மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. 2001-இல்தான் அது திருத்தப்பட்டு இருவருக்கும் ஒரே காரணங்கள் ஆயின. இருவரும் இசைந்து பிரியும் வழியும் அப்போதுதான் வந்தது.

மணமுறிவுதான் ஒரே வழி என்றும் இல்லை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அடிதடியை மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை. மனைவியின் நகையை அவர் அறியாமல் விற்பதும் அடகு வைப்பதும் வீட்டுச் செலவுக்குக் கொடுக்காமலிருப்பதும் பொருளாதார வன்கொடுமை. திருமணத்தை முறிக்காமலே, வீட்டில் குடியிருக்கும் உரிமையையும் பராமரிப்புத் தொகையையும் அந்தச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். வக்கீலுக்குக் காசில்லை என்றால், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச உதவி உண்டு. இதைக் கேட்டதும் அந்தச் சகோதரி சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "இதெல்லாம் பாவமில்லையா ஃபாதர்?"

இப்போது கணவரின் வாதத்துக்கு வருவோம். அரசே வரி வாங்குகிறதே, பிறகென்ன தவறு?

சூதாட்டத்தில் வென்ற பணத்துக்கு 30 விழுக்காடு வருமான வரி என்பது உண்மை. 2023 அக்டோபர் முதல் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு 28 விழுக்காடு ஜிஎஸ்டியும் போட்டார்கள். ஆனால் வரி போடுவது ஆசி கொடுப்பதாகாது. சட்டமும் நிலையாக நிற்பதில்லை. ரம்மி பெரும்பாலும் திறமை விளையாட்டு என்று 1968-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை வைத்தே நிறுவனங்கள் இத்தனை காலம் வாதாடின. தமிழ்நாடு அரசு 2022-இல் சட்டம் இயற்றி, ஆளுநர் திருப்பியனுப்பி, மீண்டும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டு என்று சேர்த்தது செல்லாது என்றது. பிறகு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆடக்கூடாது என்று விதி வந்தது. 2025 சூனில் உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே, திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டு எதையும் நடத்தக்கூடாது என்று சட்டம் செய்தது. நடத்துபவருக்கு மூன்று ஆண்டுவரை சிறை, ஒரு கோடி ரூபாய்வரை அபராதம். அந்தச் சட்டம் ஆடுகிறவரைத் தண்டிக்கவில்லை. அவரைப் பாதிக்கப்பட்டவராகப் பார்க்கிறது.

அந்த வீட்டில் நகை அடகுக்குப் போனது, அந்த ஆட்டத்தைச் சட்டம் திறமை என்று சொன்ன நாளிலா, தடை என்று சொன்ன நாளிலா? பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு அதனால் என்ன வித்தியாசம்? லாட்டரியையும் பாருங்கள். தமிழ்நாட்டில் 2003-இல் தடை செய்தார்கள். கேரளத்தில் 1967-இலிருந்து அரசே நடத்துகிறது. செங்கோட்டையைத் தாண்டினால் முறை, இந்தப் பக்கம் முறையில்லை! மறைக்கல்வி 2413ஆம் எண் வேறு இடத்தில் கோடு போடுகிறது. சீட்டாட்டமும் பந்தயமும் தம்மளவில் நீதிக்கு எதிரானவை அல்ல. ஒருவர் தமக்கும் தம்மைச் சார்ந்தவர்களுக்கும் தேவையானதை அவை பறிக்கும்போது ஏற்க முடியாதவை ஆகின்றன. அந்த வெறி மனிதரை அடிமையாக்கிவிடும் ஆபத்து இருக்கிறது. ஆட்டத்தின் பெயரை விட்டுவிட்டு அரிசிப்பானையைப் பார்க்கச் சொல்கிறது மறைக்கல்வி.

(இடையில் ஒரு வார்த்தை. திருவிழாவுக்கு நிதி திரட்டக் குலுக்கல் சீட்டு அச்சடிக்கும் பங்குப் பேரவைகள் நம்மிடம் உண்டு. அரசு அனுமதியில்லாமல் பரிசுச் சீட்டு நடத்துவது இங்கே குற்றம். 'புனிதர் பேரில்தானே' என்பது வாதமாகாது.)

வரியிலும் நாம் சுத்தமானவர்கள் என்று சொல்லிவிட முடியாது. "பில் வேணுமா, பில் இல்லாமலா?" என்று கடைக்காரர் கேட்டால் எத்தனை பேர் பில் கேட்கிறோம்? நிலம் வாங்கும்போது கொடுத்தது ஒரு தொகை, பத்திரத்தில் எழுதுவது வேறு தொகை. வரி ஏய்ப்பையும் பொய்ப் பற்றுச்சீட்டையும் களவு பற்றிப் பேசும் இடத்திலேயே, 2409ஆம் எண்ணில், மறைக்கல்வி வைத்திருக்கிறது. எங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அரசு உதவி பெறும் பள்ளிகளில் கற்பிக்கும் அருள்பணியாளர்கள், அருட்சகோதரிகளின் சம்பளத்தில் வரி பிடிக்கக்கூடாது, அந்தப் பணம் முழுவதும் சபைக்குத்தான் போகிறது என்று தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மறைமாவட்டங்களும் துறவு சபைகளும் வழக்காடின. ஏழ்மை வார்த்தைப்பாடு உண்மைதான். ஆனாலும் சம்பளம் சம்பளமே, வரி பிடிக்கலாம் என்று 2024 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது. சிலருக்கு வருத்தம். எனக்கு அது சரியென்றே படுகிறது. நம் பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவு வேறெங்கிருந்து வருகிறது?

இன்றைய முதல் வாசகத்தில் ஆண்டவர், தம்மை அறியாத பாரசீக அரசன் சைரசைத் தாம் அருள்பொழிவு செய்தவன் என்று அழைக்கிறார். அந்நிய அரசனின் ஆணையால்தான் யூதர்கள் நாடு திரும்பினார்கள். நாட்டுச் சட்டத்தின் வழியாகவும் ஆண்டவர் ஒரு பெண்ணுக்கு வீட்டுக் கதவைத் திறந்துவிடலாம்.

நற்செய்திக்குத் திரும்புவோம். வரி கட்டும் நாணயத்தைக் காட்டுங்கள் என்கிறார் இயேசு. அவர் கையில் இல்லை. கேள்வி கேட்டவர்கள் கையில் இருக்கிறது, அதுவும் கோவிலுக்குள். அந்தத் தெனாரியத்தில் திபேரியு சீசரின் உருவமும், அவன் தெய்வீக அகுஸ்துவின் மகன் என்ற எழுத்தும் இருந்தன. உருவம் யாருடையது என்று கேட்கிறார். அந்தக் கேள்வியைக் கேட்ட யூதர் எவருக்கும் தொடக்க நூல் நினைவுக்கு வராமல் இருக்காது. நாணயத்தில் சீசரின் உருவம். மனிதரில் கடவுளின் உருவம். நாணயம் சீசருக்குப் போகட்டும். ஆனால் அந்த மனைவி யாருடைய உருவம்? இரவு இரண்டு மணிக்குக் கைப்பேசி வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கும் அந்தக் கணவர் யாருடைய உருவம்?

'முறை' என்ற அதே கிரேக்கச் சொல் மத்தேயுவில் இன்னொரு இடத்திலும் வருகிறது. 27ஆம் அதிகாரம். யூதாசு முப்பது வெள்ளிக்காசைக் கோவிலில் எறிந்துவிட்டுப் போகிறான். தலைமைக் குருக்கள் அதைப் பொறுக்கியெடுத்து, இது இரத்தத்தின் விலை, காணிக்கையோடு சேர்ப்பது முறையல்ல என்று பேசிக்கொள்கிறார்கள். குற்றமற்ற ஒருவரைக் கொல்ல அந்தக் காசைக் கொடுத்தபோது யாரும் முறை பேசவில்லை. அதே அதிகாரத்தில் சிலுவையடியில் படைவீரர்கள் சீட்டுப் போட்டு இயேசுவின் ஆடையைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். தலைக்கு மேலே ஒருவர் இறந்துகொண்டிருக்கிறார். அவர்களுக்கு அது சட்டப்படி கிடைத்த உரிமை.

உங்களில் யாருக்காவது அந்தச் சகோதரியின் நிலை இருந்தால் பங்கு அலுவலகத்துக்கு வாருங்கள். திருமணச் சான்றிதழும் திருமுழுக்குச் சான்றிதழும் இருந்தால் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம். தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டிய காரியமா, நீதிமன்றத்துக்கா, மனநல ஆலோசனைக்கா என்று பேசி முடிவெடுக்கலாம். கணவர்களும் வரலாம். ஆட்டத்தை நிறுத்த முடியவில்லை என்று சொல்லி வந்த ஆண்களை நாங்கள் யாரும் திட்டியனுப்பவில்லை.

அந்தச் சகோதரி இன்றுவரை மணமுறிவு வழக்குப் போடவில்லை. போடமாட்டேன் என்றும் சொல்லவில்லை. சம்பளம் இப்போது அவருடைய கணக்குக்கு வருகிறது. கணவர் ஆலோசனைக்குப் போகிறார். நடுவில் இரண்டு முறை தவறியும் இருக்கிறார். அடகில் இருந்தவற்றில் ஒரு சங்கிலி மட்டும் மீண்டு வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் நன்மை வாங்குகிறார்.